கொடி சார் நடத்தின சைக்கிள் ரேஸு

தன்னைத்தானே பேட்டி எடுத்து, பாதியில தன் மேலேயே கோவிச்சிக்கினு எழுந்து போன மனுஷன் இந்த உலகத்துல ஒருத்தர்தான். எங்க கொடி சார்.

டவுன் பேப்பருக்கு விளையாட்டுச் செய்தி எழுதுறவர் அவர். வருஷா வருஷம் காணும் பொங்கலுக்கு வில்லியனூர்லேருந்து பாகூர் ஏரிக்கரை வரைக்கும் சைக்கிள் ரேஸு நடத்துறவரும் அவரேதான். செய்தின்னா, ரேஸு நடத்துறவர் ரெண்டு வார்த்தை சொன்னதாப் போடணுமாம். அதனால என் இட்லிக்கடை பெஞ்சுல இந்தப் பக்கம் உக்காந்து கேள்வி கேட்பார். நகர்ந்து அந்தப் பக்கம் போய்ப் பதில் சொல்லுவார். ஒரு வருஷம், "போன தடவை பெரிய குளறுபடியாமே?" என்று கேட்டார். அந்தப் பக்கம் போனார். "அதெல்லாம் சொல்ல முடியாது" என்று விறைப்பா எழுந்து போயிட்டார். ஊத்தி வச்ச டீயைக்கூடக் குடிக்கல.

குளறுபடி நெஜந்தான். கிளம்பின கொஞ்ச தூரத்துலயே ரயில்வே கேட் இருக்குது. முன்னால வந்தவனும் பின்னால வந்தவனும் அங்க ஒண்ணா நின்னு வேர்க்கடலை கொறிப்பானுங்க. கேட் திறந்ததும் புதுசா ரேஸு ஆரம்பம்னு சார் சட்டம் போட்டார். அந்த வருஷம் கேட்டுக்கு முதல்ல வந்தவன், "நான் ஜெயிச்சாச்சு, கப்பைக் குடு"ன்னு கேட் மேலயே ஏறி உக்காந்துட்டான். ரயில் போச்சு. கேட்டைத் தூக்கினாங்க. அவனும் கூடவே மேல போனான்.

கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட லுங்கியைக் கழியில கட்டி, சார் ரேஸு முடியுற இடத்துல பிடிச்சிக்கினு நிப்பார். அதனாலதான் கொடி சார். கிளம்பின தலை அத்தனையும் வந்து சேராம அந்தக் கழியை இறக்க மாட்டார். ஒரு தடவை எவனோ நடுவுல அத்தை வூட்டுக்கு விருந்துக்குப் போயிட்டான். அவன் தின்னுட்டுத் தூங்கி எழுந்து வர்ற வரைக்கும் நின்னார்.

அவருக்கு வூட்டுல பேச ஆள் கிடையாது. எனக்கும் கிடையாது. அதை நாங்க பேசிக்கினதில்ல. அப்படியெல்லாம் புலம்புறவ இல்ல நான்.

போன பொங்கலுக்குப் பேப்பர் ஆபீஸ்ல கறாராச் சொல்லிட்டாங்க. பத்துப் பேராவது ஓட்டினாத்தான் செய்தி. இல்லன்னா இனிமே அந்த ரேஸைப் பத்தி எழுதியே அனுப்ப வேணாம். பசங்க இதோ பக்கத்துல இருக்கிற திருபுவனை கம்பெனிக்கே பைக்ல போறானுங்க, சைக்கிளுக்கு எங்க போறது? ரேஸு அன்னிக்குக் காலையில எண்ணிப் பார்த்தா ஒன்பது பேர்தான்.

"பத்துன்னு எழுதிக்க சார். எவன் வந்து எண்ணப் போறான்?"

"யக்கா, நான் எழுதினதுல ஒரு பொய்யைக் காட்டு பார்க்கலாம்."

"அப்ப நீயே ஓட்டு."

"நடத்துறவன் ஓட்டக் கூடாது. சட்டம்."

"இன்னா பெரிய சட்டம்? நீ போட்டதுதானே!"

"அதனாலதான்க்கா மீற முடியல."

பேனாவை மூடிச் சட்டைப் பையில சொருகினார். அந்த மூஞ்சியை என்னால பார்க்க முடியல. கடை முடிஞ்சதும் நான் ஊர் ஊராப் போய் இட்லி விக்கிற சைக்கிள் சுவத்துல சாஞ்சிருந்துச்சு.

"என் பேரை எழுதிக்க."

ஆடிப் போயிட்டார். "அப்ப இட்லி குண்டானை இறக்கி வச்சிடுக்கா."

"இட்லி இன்னா ஆவுறது? தொழிலை வுட்டுட்டு விளையாட வரல நான்."

"ஆயா, பிரேக் புடிக்குமா?" என்றான் ஒருத்தன்.

"உன் வாய்க்குத்தான்டா பிரேக் இல்ல."

ரயில்வே கேட் வரைக்கும் அவனுங்களுக்குச் சமமாப் போனேன். கேட் மூடியிருந்ததுல ஒரு ஈடு இட்லி வித்துப் போச்சு. திறந்ததும் பசங்க பறந்துட்டானுங்க. வழியில "இட்லிக்காரம்மா!"ன்னு கூப்பிட்டா நிக்காமப் போக முடியுமா? பாதி தூரத்துல முட்டி புடிச்சிக்கிச்சு. தள்ளிக்கினு நடந்தேன். திரும்பிடலாம்னுகூடத் தோணுச்சு. ஆனா வந்து சேராதவங்களை அந்த மனுஷன் எண்ணிக்கையில சேர்க்க மாட்டாரே.

ஏரிக்கரைக்குப் போறப்ப வெயில் சாஞ்சாச்சு. மைக் செட்டுக்காரன் வயரைச் சுருட்டிக்கினு போயிட்டான். கப்பு வாங்கினவனும் போயிட்டான். சார் மட்டும் நிக்கிறார். பஸ்ஸு ஏறி ஏறி அழிஞ்ச சுண்ணாம்புக் கோட்டை மறுபடியும் போட்டு வச்சிருந்தார்.

"தள்ளிக்கினு வரக் கூடாதுக்கா! ஏறி மிதி!"

"முட்டி வுட்டுப் போச்சுய்யா!"

"நாலே மிதிக்கா!"

மிதிச்சேன். கோட்டைத் தாண்டினேன். அங்க மேஞ்சிக்கினு இருந்த ஆடுங்க மிரள, "பத்தாவது இடம்!" என்று என் பேரை முழுசாச் சொல்லிக் கத்தினார்.

ரெண்டு நாள் கழிச்சுப் பேப்பர்ல சின்னதா வந்துச்சு. நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன். பத்துப் பேர்னு இருந்துச்சு. என் பேர் இல்ல.

"எழுதித்தான் அனுப்பினேன். ஆபீஸ்ல எடுத்துட்டாங்கக்கா" என்று தலையைக் குனிஞ்சிக்கினார்.

"வுடு சார், சட்னி ஊத்தட்டா?" என்றேன்.

எனக்கு அது குறையே இல்ல. அதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியல. என் வூட்டுக்காரர் போனப்புறம், நான் வர்ற வழியைப் பார்த்துக்கினு ஒருத்தர் நின்னது அன்னிக்குத்தான்.