கோழியிடம் பிடித்த கலப்படம்

மளிகைக்கடையில் வளர்ந்தவனுக்கு எதையும் லேசில் நம்ப வராது. வில்லியனூரில் எங்கள் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, மிளகில் பப்பாளி விதையையும் மிளகாய்த்தூளில் செங்கல்பொடியையும் (எங்களுக்கு வந்த மூட்டையில்தான், நாங்கள் கலந்ததல்ல!) கண்டுபிடித்தே எனக்கு மீசை முளைத்தது. அந்தத் திறமையால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. நான் கட்டிக்கொள்ளவிருந்த அனிதா, ஏம்பலத்திலிருந்து ஒரு கூடை முட்டை கொடுத்தனுப்பினாள். அவளே வளர்க்கும் கோழிகள் இட்டவை. அம்மா பூரித்துப்போனாள். நானோ கூடையை உற்றுப் பார்த்தேன். ஒன்று பழுப்பு, ஒன்று சந்தன நிறம், ஒன்று சுத்த வெள்ளை. இரண்டை உடைத்தால், ஒன்றின் கரு ஆரஞ்சுப் பழம் மாதிரி இருந்தது, இன்னொன்று வெளிறிக் கிடந்தது. ஒரே வீட்டு முட்டைக்கு இத்தனை நிறமா?

கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்திருந்தது. பண்ணை முட்டையை டீத்தண்ணியில் முக்கி நாட்டுக்கோழி முட்டை என்று விற்கிறார்களாம், எலுமிச்சம்பழத்தால் தேய்த்தால் குட்டு வெளிப்படுமாம். தேய்த்தேன். பழுப்பு நிறம் பழத்தோடு வந்தது!

"டேய், வர்ற மருமவ ஆசையா அனுப்பிக்குது. துன்னுட்டு வேலய பாப்பியா!" என்றாள் அம்மா.

மறுநாள் காலை, சட்டைப்பையில் இரண்டு எலுமிச்சம்பழத்துடன் (மாப்பிள்ளை எடுத்துப்போன சீர்!) ஏம்பலத்துக்கு வண்டியை விட்டேன். அனிதா வீட்டுத் தோட்டத்துப் பக்கம் போனதும் அப்படியே நின்றுவிட்டேன். ஓர் அண்டா நிறைய டீ டிக்காஷன் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அனிதா கரண்டியோடு நின்றாள்.

"இவ்ளோ டீத்தண்ணி எதுக்கு? முட்டைக்கா?" என்று கேட்டே விட்டேன். வீடியோ, பழம், கூடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அந்த நேரம் பார்த்து, அவர்கள் வயலில் கரும்பு வெட்டுகிற ஆட்கள் இருபது பேர் டம்ளரோடு டீ குடிக்க வந்து நின்றார்கள்.

அனிதா கத்தவில்லை. "உக்காருங்க," என்றாள். மூலையில் ஒரு பெட்டைக்கோழி முட்டையிட வைக்கோல் கூடையில் உட்கார்ந்திருந்தது. நானும் வருங்கால மாமனாரும் அந்த இருபது பேரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் காத்திருந்தோம். அது எழுந்ததும், சூடாறாத முட்டையை அனிதா எடுத்து என் கையில் வைத்தாள்.

"தேய்ங்க."

தேய்த்தேன். பழுப்பு நிறம் பழத்தோடு வந்தது.

"இப்ப சொல்லுங்க. கோழி வவுத்துக்குள்ள யாரு டீக்கடை வெச்சிக்கிறாங்க?"

இருபது டம்ளரும் குலுங்கின.

"ஓடு வெள்ளையாதாங்க உருவாவுது. கடைசிலதான் கோழி மேலாக்க சாயம் பூசுது. புளிப்பு பட்டா ஓடே கரையும், சாயம் வராதா? வெள்ளை முட்டை வுடறது வேற வகை கோழி, அது சாயம் பூசாது. கருவோட கலரு தீனியில வருது. கீரைப்பாத்தியில மேயற கோழிக்கு கரு செவப்பா இருக்கும். ஒண்ணு கால் ஒடிஞ்சி கெடக்குது, அதுக்கு நொய்தான் போடறேன். அதான் வெளுப்பு." அதற்குமேல் அவள் குரல் உடைந்தது. "ஒரு வாரமா சேத்துவெச்சி அனுப்புனேன். முட்டைக்கே இப்பிடின்னா, நாளைக்கு எனக்கு இன்னா டெஸ்டு வெச்சிக்கிறீங்க? உங்க வூட்டுக்கு வரணுமான்னு நான் யோசிக்கணும்."

இருபது பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவமானம் பெரிதாகத் தெரியவில்லை. இவளை இழந்துவிடுவேனோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அதன்பிறகு பத்து நாள் அவள் போனை எடுக்கவில்லை. கடையில் நான் துவரம்பருப்பு கேட்டவருக்குக் கடலைப்பருப்பு கட்டிக்கொடுத்தேன்.

பதினோராம் நாள் அவளே கூப்பிட்டாள். "வரேன். ஆனா எங்கோழிங்களும் கூட வரும்."

நலங்கு வைக்கும்போது அனிதா முகமெல்லாம் மஞ்சள். மாமனார் மைக்கைப் பிடுங்கினார். "மாப்ள, எம்பொண்ணு மூஞ்சில இருக்கறது மஞ்சள். தண்ணி பட்டா போயிடும். சாயம் போச்சின்னு பொண்ண திருப்பி அனுப்பிடாதீங்க!"

மண்டபமே சிரித்தது. முதலில் சிரித்தவள் அனிதாதான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று வீட்டில் எது நடந்தாலும், மாமனார் கைக்கு மைக் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இன்றுவரை எனக்கு முதல் வேலை. ஒருமுறைகூட முடிந்ததில்லை.