சகோதரர் டெல்மரின் உருளை

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு சந்தைத் திடலில் பரிசுக் காளைகளைப் பார்க்கக்கூட ஆளில்லை. கூட்டமெல்லாம் சகோதரர் டெல்மரின் கூடாரத்தில். ஆளுக்கொரு நோய்; எல்லா நோய்க்கும் ஒரே கண்ணாடி உருளை.

வெள்ளை மணல் நல்ல ரத்தமாம், கறுப்பு மணல் நோயாம். இரண்டையும் கலந்து பாதி நிரப்பி, உருளையைப் படுக்கவைத்துச் சுழற்றியபடி டெல்மர் செபிப்பார். கால் மணி நேரத்தில் கறுப்பும் வெள்ளையும் வளையம் வளையமாகப் பிரிந்துவிடும். வரிக்குதிரைகூடத் தோற்றுவிடும்.

“நோய் பிரிஞ்சிருச்சு! மருந்தைத் தூக்கி எறி!”

வெர்னாவின் கணவன் மில்ட்டன் எறிந்துவிட்டான். இன்சுலின் போட்டு இரண்டு நாளாகிறது. இன்று காலை சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் வெகுநேரம் நின்றான். வெர்னா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு வேலை தீவன ஆலையில், சல்லடைகளோடு. கலந்து அனுப்பிய தீவனம் வண்டி குலுங்கலில் பெரியது தனி, சிறியது தனி என்று பிரிந்துபோனதற்கு வாரந்தோறும் அவளைத் திட்டுகிறவர்கள்தாம், அதே கூத்தைக் கண்ணாடியில் பார்த்து முழங்காலிட்டிருந்தார்கள்.

மதியம் ஒரு பையோடு மேடையேறினாள்.

“இதைச் சுத்துங்க, பிரதர். ஒரே சல்லடையில சலிச்ச மணல். பாதிக்குக் கறுப்புச் சாயம் போட்டிருக்கேன்.”

“விசுவாசமில்லாதவ மணல் பிரியாது, சகோதரி.”

“மணல்தான் என்னோடது. விசுவாசம் மில்ட்டனோடது. அது பத்தாதா?”

“சுத்துங்க பிரதர்! அவ மூஞ்சில கரியப் பூசுங்க!” என்று கத்தினான் பன்றிப் பண்ணை ஸ்டான்.

டெல்மர் சுற்றினார். அரை மணி நேரம் அலறினார், வியர்த்தார். மணல் அடுப்புச் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

வெர்னா அதைக் கொட்டிவிட்டு, அவருடைய மணலையே கலந்து நிரப்பினாள். ஒரு கையால் சுற்றினாள். மறு கையில் கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டி. செபமில்லை, மெல்லும் சத்தம் மட்டும். வளையங்கள் வந்து நின்றன.

“இவர் கறுப்பு பெருமணல், வெள்ளை பொடிமணல். ரெண்டும் சேர்ந்து சுத்துனா பிரியும். இதுல யார் ரத்தம் இருக்கு?”

ஸ்டான் மேடையருகே வந்தான். “அப்ப... என் தீவனம்?”

“அதேதான் ஸ்டான். அதுக்கு மட்டும் என்னைத் திட்டுவே, இதுக்கு முட்டி போடுவியா?”

டெல்மர் கூடாரத்தின் பின்வழியே வண்டியைத் தேடிப் போய்விட்டார். மில்ட்டன் உருளையையே வெறித்திருந்தான்.

“வெர்னா... ஊசி மருந்து இருக்கா?”

“புதுசு வாங்கியிருக்கேன். முதல்ல டாக்டர்கிட்ட போலாம், வா.”

அடுத்த வாரம் பக்கத்து ஊரில் டெல்மர் கூடாரம் அடிக்கிறாராம். போகிறவர்கள் கையில் ஒரு சல்லடையோடு போங்கள்; தலைக்குள் இருக்கிற சல்லடையைத்தான் நீங்கள் எடுப்பதே இல்லையே!