கிராணி ஏஜேகே ஆன வரலாறு

மலேசியாவில் ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகிற பழைய ரோட்டில், ரப்பர் மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் தாமான் கெத்தா இண்டா என்று ஒரு குடியிருப்பைக் கட்டியிருக்கிறார்கள். அழகிய ரப்பர் என்று பொருள். அங்கே பன்னிரண்டாம் நம்பர் வரிசை வீட்டில் புஷ்பலதா குடியிருந்தாள். அவளிடம் இரண்டு நாய்கள் இருந்தன. வரிசை வீட்டுக்கு ஒரு நாய்தான் என்பது நகராண்மைக் கழகத்தின் சட்டம். ஆகவே சட்டப்படி அவளிடம் ஒரு நாய்தான் இருந்தது. அது எந்த நாய் என்று மட்டும் நாலு வருஷமாக யாரும் கேட்கவில்லை.

பெயர் வைத்தவன் அவள் புருஷன் தர்மா. லாரி ஓட்டுபவன். அவன் அப்பா தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடமும், வெளிக்காட்டுக் கங்காணியிடமும் ஆயுசு முழுக்க ஏச்சு வாங்கியவர். "இனிமே நாம அவங்கள ஏசலாம்லா" என்று மூத்த நாய்க்குக் கிராணி, இளையதுக்குக் கங்காணி என்று வைத்தான். வைத்த நேரமோ என்னமோ, இரண்டும் உத்தியோகத்தை மனசார ஏற்றுக்கொண்டன.

கங்காணி, கேட்டைத் தாண்டுகிற ஒவ்வொருவரையும் குரைத்து விசாரித்தது. கிராணி குரைப்பதில்லை. அதற்கு வேண்டியதெல்லாம் மரியாதை. புஷ்பலதா போனில் பேசினால் மடியில் தலையை வைத்து ஊளையிடும். சீரியல் போட்டால் டிவிக்கு முன்னால் போய் நிற்கும். விருந்தாளியின் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடும். யாராவது துரத்த வேண்டும், அவ்வளவுதான். அப்படியும் யாரும் கண்டுகொள்ளாவிட்டால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டும். இடது காலா, வலது காலா என்பது அன்றன்றைக்கு மாறும். போட்டோ எடுக்க எவராவது போனைத் தூக்கிவிட்டால் போதும், தெருக்கோடியில் இருந்தாலும் ஓடி வந்து நடுவில் உட்கார்ந்துவிடும்.

அந்த நடுவில்தான் வினை வந்தது.

குடியிருப்பாளர் சங்கத்துக்கு இருபது வருஷமாகத் தலைவர் அர்ச்சுனன். தெருவைக் கூட்டினாலும் சரி, கூட்டுவதாகப் பேசினாலும் சரி, போட்டோவின் நடு இடம் அவருடையது. அன்றைக்கு ஊர் கூடித் தெருவைச் சுத்தம் செய்யும் கோத்தோங் ரோயோங் முடிந்து, ஆளுக்கொரு துடைப்பத்தோடு எடுத்த படத்தில் நடுநாயகமாக இருந்தது கிராணி. அர்ச்சுனனின் வலது காதும் பாதி மீசையும்தான் விழுந்திருந்தன. 'கிராணி சூப்பர்' என்று வாட்சப்பில் எண்பது பேர் எழுதினார்கள். காதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

அடுத்த வாரம் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. "மேற்படி முகவரியில் உள்ள மிகையான நாயைப் பதினான்கு நாளுக்குள் அகற்றத் தவறினால், கழகமே அதைப் பிடித்து அகற்றும் என்பதை இதன்வழி தெரிவித்துக்கொள்கிறோம்." புகார் கொடுத்தவர் யார் என்பது இரகசியம். ஆதாரமாக இணைத்திருந்த போட்டோவில் அந்த வலது காதை மட்டும் யாரோ சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள்.

புஷ்பலதா அழுதுவிட்டாள். ஒன்றுக்குச் சோறு வைத்து இன்னொன்றைக் கூண்டு வண்டியில் ஏற்றிவிட எந்தக் கைக்கு மனசு வரும்?

விசாரணைக்கு மதீசன் என்ற கழக அதிகாரி வந்தார், யாழ்ப்பாணத்து வம்சம். தங்கமான மனிதர். சட்டத்தை மீறாமல் உதவி செய்ய வேண்டும் என்கிற வியாதி அவருக்கு உண்டு. கங்காணி அவரைக் குரைத்து விசாரித்தது. கிராணி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி வந்தது.

"ஐயோ பாவம். எந்தக் கால் அக்கா?"

"இன்னிக்கு வலது கால் சார்."

மதீசன் 'இன்று வலது' என்று குறித்துக்கொண்டார்.

"இதுல எந்த நாய் சார் மிகை?" என்றாள் புஷ்பலதா.

"அது எங்கட வேலை இல்லை அக்கா. ரெண்டு நாயில ஒண்டு மிகை. எது எண்டு நாய்க்குச் சொந்தக்காரர்தான் சொல்லவேணும்."

"நான் சொல்ல மாட்டேன் சார்."

மதீசன் யோசித்தார். பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "ஒன்பதாம் நம்பர் படிவம் இருக்கு. பதிவு பெற்ற சங்கம் ஒண்டு, பாதுகாப்புக் குழுவில நாயைச் சேர்த்தால், அந்த நாய் எந்த வீட்டுக் கணக்கிலயும் வராது. உங்கட வீட்டிலயே சாப்பிடலாம், படுக்கலாம். ஆனா இங்க இருக்காது."

"அப்ப எங்க சார் இருக்கும்?"

"ஃபைலில இருக்கும்."

சங்கத்துக்குச் செயலாளர் புஷ்பலதாதான். கிராணியை ஏஜேகேயாக, அதாவது செயற்குழு உறுப்பினராக, சேர்க்கலாமா என்று தலைவரிடம் கேட்டுப் பார்த்தாள். அர்ச்சுனன் மீசையைத் தடவினார். "நாய எப்படிம்மா ஏஜேகேயில போடுறது? ஏஜேகேன்னா ஒரு கௌரவம் இருக்குல்ல?"

கெடு முடிய ஒரு நாள் இருக்கையில் ஆண்டுக்கூட்டம் வந்தது. கூட்டம் செல்லுபடியாகப் பதினைந்து பேர் வேண்டும். வந்தது பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேருமே ஏஜேகேகள். சங்கத்தில் அதற்குக் கீழே ஆளே கிடையாது. ஏற்கெனவே இரண்டு வருஷம் ஆள் சேராமல் கலைந்த கூட்டம். மூன்றாம் முறையும் கலைந்தால் சங்கத்தின் பதிவு ரத்து. அர்ச்சுனன் ஒரு மணி நேரம் வாசலைப் பார்த்தார், குடியிருப்பில் வீடு வீடாகப் போன் போட்டார். ஒருவரும் வாரேன் என்று சொல்லவில்லை.

அப்போது கறிபாப் பலகார வாசனை பிடித்துக் கிராணி உள்ளே நுழைந்தது.

"அண்ணே, இதோட சேத்தா பதினஞ்சு" என்றாள் புஷ்பலதா.

"அலாமாக்! அது இன்னும் ஏஜேகே ஆகலியே?"

"கூட்டம் நடந்தா ஆக்கிடலாம்ணே."

"அது ஏஜேகே ஆனாத்தானே கூட்டமே நடக்கும்?"

இது பெரிய சிக்கல். மதீசனுக்கு போன் போட்டார்கள். "ரெண்டும் ஒரே நேரத்தில நடந்தது எண்டு குறிப்பில எழுதுங்கோ" என்றார் அவர். அப்படியே நடந்தது. வருகைப் பதிவில் கிராணி பாதம் பதித்தது. எதிர்ப்பு யாரும் தெரிவிக்கவில்லை. அந்த வருஷம் கழுத்தில் அட்டை தொங்கவிடுவதுதான் ஊரெங்கும் நாகரிகம். எல்லாருக்கும் தொங்கியது, கிராணிக்கும் தொங்கியது. அர்ச்சுனன் கிராணியை மடியில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டு பேருமே நடுவில் வந்தார்கள். புஷ்பலதா வீட்டுக்குப் போய் இரண்டு நாய்க்கும் கோழிக்கறி ஆக்கிப் போட்டாள்.

பதவி வந்த பிறகு கிராணி நொண்டுவதைக்கூடக் குறைத்துக்கொண்டது. ஒரு நாள் பட்டப்பகலில் வேன் ஒன்று வந்து, சங்க மண்டபத்தின் ஐம்பது நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு போனது. மண்டபத்துக்கு எதிர்வீடான புஷ்பலதா வீட்டிலிருந்து கங்காணி தொண்டை கிழியக் குரைத்தது. ஆனால் வீட்டு நாய் கேட்டைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். கேமராவில் பார்த்தால், திருடர்களுக்கு நடுவில், கழுத்தில் அட்டையோடு, கேமராவை நேராகப் பார்த்தபடி கிராணி உட்கார்ந்திருந்தது.

வருஷக் கடைசியில் கழகத்திலிருந்து படிவம் வந்தது. 'ஒவ்வொரு ஏஜேகேயும் ஆற்றிய பணி.' பணி இல்லாத நாய் பழையபடி வீட்டுக் கணக்குக்குத் திரும்பும். அதாவது கூண்டு வண்டி. மண்டபத்தில் பதினான்கு பேரும் புது நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, புஷ்பலதா கிராணியின் பெயரை முதலில் எழுதினாள்.

"ஒண்ணும் செய்யலன்னு போடும்மா" என்றார் அர்ச்சுனன். "அம்பது நாக்காலி போச்சு."

"செய்யாம என்னண்ணே? கூட்டத்துக்கு வந்துச்சு. கறிபாப் சாப்பிட்டுச்சு. போட்டோவுல நடுவுல உக்காந்துச்சு."

"இதெல்லாம் ஒரு வேலையா?"

"சரிண்ணே, அடிச்சிடுறேன். உங்க பேருக்கு நேரா என்ன எழுத?"

அர்ச்சுனன் படிவத்தை எட்டிப் பார்த்தார். "நான்... கூட்டத்துக்கு வந்தேன்."

"ம்."

அவர் கண் கறிபாப் தட்டுக்குப் போனது. "அப்பறம்... போட்டோவுல..."

"நடுவுல."

மற்றவர்கள் அவரவர் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"எழுதினது இருக்கட்டும்லா" என்றார் அர்ச்சுனன். "எதுக்கு அடிக்கணும்?"

கிராணியின் மூன்று வரி நிலைத்தது. அதற்குக் கீழே தலைவர், மேற்படி. துணைத்தலைவர், மேற்படி. பொருளாளர், மேற்படி. கடைசியில் செயலாளர் புஷ்பலதாவின் பெயர் வந்தது. அவள் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தாள். பிறகு அவளும் மேற்படி என்றே எழுதினாள்.

படிவத்தை வாங்க வந்த மதீசன் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அக்கா, இதை ஒரு போட்டோ எடுக்கட்டே? என்ர ஆண்டறிக்கையும் திங்கட்கிழமை குடுக்கவேணும்."

அவர் போனைத் தூக்கியதுதான் தாமதம், மேசைக்கடியிலிருந்து கிராணி ஓடி வந்து படிவத்தின் மேலேயே உட்கார்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால், மேசைகள் அடுக்கி வைத்திருக்கிற பக்கம், வேன் ஒன்று வந்து நின்றது. எதிர்வீட்டுக் கேட்டைப் பிறாண்டிக்கொண்டு கங்காணி காட்டுக்கத்தலாகக் கத்தியது.

"ஏய், சும்மா கெட! இங்க வேலை நடக்குதுல்ல?" என்று பதினான்கு ஏஜேகேகளும் சேர்ந்து அதை அதட்டினார்கள்.