ரெண்டு கை உப்பு

எதிரியின் மேல் பொறாமைப்பட யாராலும் முடியும். கூடவே வேனில் ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரே இயந்திரத்தின் கீழ் படுத்து, திரும்பி வரும்போது ஒரே பிளாஸ்க் கஞ்சியைப் பங்குபோட்டுக் குடித்த நண்பன் மேல் பொறாமைப்படுவதற்குத்தான் கல் நெஞ்சு வேண்டும். எனக்கு அது தாராளமாகவே இருந்தது.

போர்ட்டிக்சன் கடலோரம், லுக்குட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி, கோவிந்தன் லாரி டிரைவர். இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் தொண்டையில் புற்றுநோய். ஏழு வாரம் கதிர்வீச்சு வைத்தார்கள். நோய் போய்விட்டது என்று டாக்டர் கைகுலுக்கினார். போகிற நோய் சும்மா போகவில்லை. என் நாக்கின் ருசியையும் வாயின் எச்சிலையும் சுருட்டிக்கொண்டு போயிருந்தது. சாம்பார் வெந்நீராகிவிட்டது, மீன் குழம்பு சிவப்பு வெந்நீர். தொண்டை காயாமல் இருக்கத் தண்ணீர் பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்தேன். கோவிந்தனுக்கோ ருசியோடு குரலும் போயிற்று. அவன் பேசினால் தகரத்தில் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம்தான் வரும்.

“ருசி வர சிலருக்கு மாசக்கணக்காகும், சிலருக்கு வருஷக்கணக்காகும்” என்றார் டாக்டர். சரி, சேர்ந்தே காத்திருப்போம் என்று நினைத்தேன். ஆறாவது மாதம் கோவிந்தனிடமிருந்து போன் வந்தது.

“டேய், ரொட்டி சானாய் சாப்புட்டேன். பருப்புல சீரகம் தெரியுதுலா!”

“ரொம்ப சந்தோஷம்டா” என்றேன். (அன்று முழுக்க நான் யாரிடமும் பேசவில்லை.)

மறுவாரம் ஊறுகாய் புளித்ததாம். அதற்கடுத்த வாரம் சம்பல் உறைத்துக் கண்ணில் தண்ணீர் வந்ததாம். என் கண்ணிலும் வந்தது, வேறு காரணத்துக்காக.

என் வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தோட்டத்து விருந்துகளுக்குத் தலைமைச் சமையல் பொன்னம்மா அக்கா. முருகனுக்கு நேர்ந்துகொண்டு கவிச்சியை விட்டவர். ஆட்டிறைச்சியை அவரைப் போல யாரும் சமைக்க முடியாது. ஆனால் ஒரு சொட்டுகூட வாயில் வைக்கமாட்டார். அதனால் இருபது வருஷமாக உப்பு பார்ப்பது நான்தான். அக்கா என் உள்ளங்கையில் குழம்பை விடுவார். நான் நக்கிவிட்டுக் கண்ணை மூடுவேன். கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். “அரைக் கை” என்பேன். அக்கா மறுபேச்சில்லாமல் போடுவார். சம்பளமில்லாத பதவிதான், ஆனால் மேனேஜருக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

இந்த நிலையில்தான் என் அக்கா மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மறுநாள் தோட்டத்து மண்டபத்தில் மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை வீட்டார் பகாவிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். காலையிலேயே என் அக்கா சொன்னார்: “தம்பி, நீ மைக்குல நின்னு வர்றவங்கள வரவேத்தா போதும். உப்பு பாக்க கோவிந்தன் இருக்காரு. அவருக்குத்தான் நாக்கு வந்துருச்சாமே!”

தாய்மாமன் நான். என் சட்டியில் அவன் நாக்கா?

கொட்டகைக்குப் போனேன். கோவிந்தன் நக்கிவிட்டுக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தான். (அது என் போஸ்!) “பத்தல. ரெண்டு கை” என்று கரகரத்தான். பொன்னம்மா அக்கா போட்டார்.

“இங்கயும் ஒரு சொட்டு விடுங்கக்கா” என்றேன்.

“ஒனக்குத்தான் இன்னும் ருசி வரலையேப்பா?”

“வந்துருச்சு. முந்தாநாள்.” (நேற்று என்றால் சந்தேகம் வரும்.)

நக்கினேன். சுட்டது. அதைத் தவிர ஒரு தகவலும் இல்லை. ‘சரியா இருக்கு’ என்று சொன்னால் ஜெயித்தவன் அவன். கண்ணை மூடி, அவனைவிட இரண்டு விநாடி கூடுதலாக யோசித்து, “இன்னும் ரெண்டு கை” என்றேன். இருபது வருஷப் பழக்கம். அக்காவின் கை தானாக உப்பு ஜாடிக்குள் போனது.

பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முதல் வாயை வைத்தார். முகம் எலுமிச்சம்பழம் மாதிரி சுருங்கியது. என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி ஒரே மூச்சில் காலி செய்தார். வரிசை வரிசையாகக் கைகள் இலையில் நின்றன. நான் ஒருவன்தான் பிசைந்து பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“கூச்சப்படாம சாப்புடுங்க சம்பந்தி! யாருப்பா அங்க, எறச்சி இன்னும் கொஞ்சம் கொண்டா!”

சம்பந்தி மெதுவாகத் திரும்பினார். “போர்ட்டிக்சன் கடலு பக்கத்துல இருக்குன்னு தெரியும். அதுக்காக கொழம்புக்கு அங்கேருந்தா தண்ணி மொண்டீங்க?”

என் அக்காவின் முகம் வெளுத்தது. புகுந்த வீட்டாருக்குப் பெண் வீட்டிலிருந்து போடும் முதல் கறிச் சாப்பாடு அது. மணக்கோலம் கலையாத பெண் இலையைப் பார்த்தபடி குனிந்துகொண்டாள். “யாரு உப்பு பாத்தது?” என்றார் என் அக்கா. நான் மேலே கட்டியிருந்த பந்தல் துணியில் இருந்த பூக்களை எண்ணத் தொடங்கினேன்.

“நான்தான்” என்று உப்புத்தாள் தேய்கிற சத்தம் கேட்டது. கோவிந்தன் எழுந்து நின்றான். “எனக்கு ருசி இன்னும் வரல. வந்துருச்சுன்னு பொய் சொன்னேன்.”

“அப்ப ஊறுகா புளிச்சுதுன்னு சொன்னது?” என்றேன்.

“சும்மா.”

“ரொட்டி சானாய்?”

“அதுவும் சும்மாலா. ஒனக்கு கொரலு இருக்குடா. மைக்க புடிச்சி வாங்க வாங்கன்னு ஊரையே கூப்புடுற. என் பேத்தி என்கிட்ட போன்ல பேசவே பயப்படுது. எனக்கும் ஏதாச்சும் ஒண்ணு மொதல்ல வந்ததா இருக்கட்டுமேன்னு...”

இத்தனை நாளாக நான் பொறாமைப்பட்டது ஒரு வெந்நீர் சாம்பார்க்காரன் மேல்! அவன் பொறாமைப்பட்டதோ என் தொண்டை மேல். அந்தத் தொண்டையை அன்று ஒரு முறையாவது உருப்படியாகப் பயன்படுத்தலாம் என்று எழுந்தேன். மைக் தேவைப்படவில்லை.

“மொத ரெண்டு கைதான் அவன் போடச் சொன்னது. அடுத்த ரெண்டு கை என்னோடது. எனக்கும் ஒரு மண்ணும் தெரியல!”

சம்பந்திதான் முதலில் சிரித்தார். “நல்ல வேள, மூணாவதா ஒரு நாக்கு இல்ல!” குனிந்திருந்த பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. பொன்னம்மா அக்கா எங்களைத் திட்டிக்கொண்டே உருளைக்கிழங்கையும் தேங்காய்ப்பாலையும் கொட்டி இறைச்சியைக் கரையேற்றினார்.

என் நாக்குக்கு இப்போது இனிப்பு மட்டும் லேசாகத் தெரிகிறது. கோவிந்தனுக்கு அதுவும் இல்லை. அவனிடம் நான் அதைச் சொல்லவில்லை. நாங்கள் எப்போது பகாவுக்குப் போனாலும் சம்பந்தி சாப்பாட்டுக்கு முன் தன் ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து, வந்திருக்கிற எல்லோருக்கும் தூக்கிக் காட்டுகிறார்.

“நல்லா பாத்துக்குங்க. கல்யாணத்துல தாய்மாமன் செஞ்ச சீரு இது. மாசா மாசம் வருது.”