செருப்பு வைத்துக் கட்டிய ஊர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழையும் உண்டு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளிடம் பேசக் கூச்சப்படுகிறவன் என்னவெல்லாம் ஆவான் என்பதற்கு நானே சாட்சி. ஒருமுறை பிணமாகவே ஆகியிருக்கிறேன்.

அணை கட்டுவதற்காக எங்கள் கீழப்பட்டியையும் பக்கத்து மேலப்பட்டியையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புது இடத்தில் மனைகளைக் குலுக்கல் போட்டுக் கொடுப்பதாகப் பேச்சு. இரண்டு ஊரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. குலுக்கினால் அக்கா ஒரு மூலை, தம்பி ஒரு மூலை. அதனால் சிங்கப்பூரில் வேலை செய்யும் இரு ஊர்க்காரர்களும் லிட்டில் இந்தியா திடலில் கூடி, சம்பந்தி வீடுகள் எதிரெதிரே வரும்படி தாங்களே ஊரை அமைத்துப் பார்த்து, மனு அனுப்ப முடிவு செய்தார்கள். செருப்புதான் வீடு. தண்ணீர் பாட்டில்தான் குடிநீர்த் தொட்டி.

அன்று எனக்கு இன்னொரு காரியமும் இருந்தது. மேலப்பட்டி முருகேசன், தன் தங்கைக்கு என்னைக் கைப்பேசியில் காட்டுவதாக ஏற்பாடு. (நாற்பதை நெருங்கியும் எனக்குப் பெண் அமையவில்லை. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று அம்மா சொல்லியிருந்தாள்.)

பக்கத்து நாட்டில் காடு எரிந்து சிங்கப்பூரைப் புகை மூடும் காலம். நடுப்பகலிலேயே சூரியன் பழுத்துத் தொங்கியது. எதிரே இருந்த அடுக்குமாடி புளோக் தெரியவில்லை. முகக்கவசம் போட்ட ஆட்கள் குனிந்து செருப்பு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் இருந்தும் சத்தமே இல்லை. ஓரமாக ஓரிடம் மட்டும் காலியாகக் கிடந்தது. ஏன் என்று கேட்கக் கூச்சம். இரவு வேலை பார்த்த அலுப்பு வேறு. செருப்பைக் கழற்றிவிட்டு, தொழிலாளர் தங்கும் டார்மெட்டரியின் ஒடுக்கக் கட்டிலில் பழகியபடி கால்களை ஒட்டி, கைகளை மார்பில் வைத்து, புகைக்கு வெள்ளைத் துண்டால் முகத்தை மூடித் தூங்கிவிட்டேன்.

துண்டை யாரோ விலக்கினார்கள். கண் விழித்தேன். பாதி முகம் இல்லாத ஆட்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் காலிலும் செருப்பில்லை. ஒருவரும் பேசவில்லை. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“மாப்ள, எங்க படுத்திருக்கீங்க தெரியுமா?” முருகேசன் மெதுவாகக் கேட்டார்.

“புல்லுலண்ணே.”

“இது நம்ம புது சுடுகாடு லா.”

அவர் கைப்பேசி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு பெண் குரல்: “அண்ணே, அவரு எந்திரிப்பாரா, மாட்டாரா?”

“சகுனமே சரியில்ல. இந்தச் சம்பந்தம் வேணாம்” என்றார் கூட்டத்தில் நின்ற அவளுடைய சித்தப்பா. நான் எழுந்து உட்கார்ந்தேன்.

“உசுரோட ஒருத்தர் படுத்த எடத்துல எதுக்கு சித்தப்பா சுடுகாடு? அத அந்தாண்ட தள்ளி வைங்க. இங்க எனக்கும் அவருக்கும் ஒரு வீட்டப் போடுங்க.”

முருகேசன் குனிந்து, என் செருப்பையே எடுத்து அங்கே வைத்தார்.

மனு ஏற்கப்பட்டது. புது ஊரில் அந்த இடத்தில்தான் இப்போது எங்கள் வீடு இருக்கிறது. விடுமுறையில் போய் நான் மல்லாந்து கண்ணயர்ந்தால், என் மனைவி பிள்ளைகளிடம் சொல்வாள்: “அப்பாவ ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்கடா. இன்னொரு தடவ ஊர மாத்த முடியாது.”

எழுதியது: தை மாதம், இரண்டாம் ஞாயிறு.