இரும்புத்தோளன் வாயில் சாண்ட்விச்

புரூக்ளின், 1971

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஹாஸ்கெல் அவர்களுக்கு,

தங்கள் வயிற்றுப்புண் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் நலமில்லை.

‘வெண்தீயும் இரும்புத்தோளனும்’ படக்கதைத் தொடருக்கு உடனே வேறு ஓவியரைப் பாருங்கள். என் மனைவி லெனோரோடு இனி ஒரு பக்கம்கூட என்னால் ஆகாது. எங்கள் வழக்கம் தெரியுமே: நான் கதை சொல்வேன், அவள் வரைவாள், வரைந்த படத்தில் நான் பேச்சுக் குமிழிகளை நிரப்புவேன். கோடை இதழில், இடிந்து விழும் பாலத்தை வெண்தீ ஒற்றைக் கையால் தாங்கிக்கொண்டு சிரிப்பதாக வரைந்திருந்தாள். பெண் இப்படி நின்றால் காதல் எங்கிருந்து வரும்? அந்தச் சிரித்த வாய்க்கு மேலே, “ஐயோ, கை நழுவுதே! சீக்கிரம் வாங்க!” என்று எழுதிவிட்டேன். அச்சான பிறகுதான் அவள் பார்த்தாள், சண்டைக்கு வந்தாள்.

“அவளும் பாலத்தத் தூக்குறா, அவனும் தூக்குறான். அப்புறம் எதுக்கு மாசாமாசம் இவன் வந்து காப்பாத்தணும்?”

“அப்ப அவனுக்கு என்னதான் வேல?”

“கூட நிக்கிற வேல! கல்யாணமான நாளா நீ பாக்காத வேல!”

மைப்புட்டிகளை எடுத்துக்கொண்டு பஃபலோ நகரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கங்கள் தபாலில் வருகின்றன, ஆனால் நான் எழுத இடம்தான் இல்லை. இரும்புத்தோளன் வாயில் எப்போதும் பாதி சாண்ட்விச். அடுத்த பக்கத்தில் கடலுக்கடியில் கிடக்கிறான். அதற்கடுத்ததில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். வானமெல்லாம் புறா, ஒவ்வொன்றுக்கும் இறகு இறகாக வரைந்திருக்கிறாள், ஐயா! அவன் ஒரு வார்த்தை பேசாமலே அந்த இதழும் வெளிவந்தது. டொலீடோவிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறாள்: “இந்த மாதம்தான் இருவரும் நிஜமாகவே காதலிப்பதுபோலத் தெரிகிறது.” அதை வாசகர் பக்கத்தில் வேறு போட்டிருக்கிறீர்கள்.

வீட்டில் சூப் டப்பா திறக்கும் சத்தம்தான் எனக்குப் பேச்சுத்துணை. தாங்கவில்லை.

இன்று அடுத்த இதழின் கடைசிப் பக்கம் வந்தது. மூழ்கும் கப்பலின் இரு முனைகளை இருவரும் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். முதன்முறையாக அவன் தலைக்கு மேலே வெறும் வானம். காலையிலிருந்து எழுதி எழுதி அழிக்கிறேன். “பயப்படாதே” என்றால், அவள் பயப்படவே இல்லை. “நீயில்லாமல் நானில்லை” என்றால் பொய், அவன் தனியாகவே கப்பலைத் தூக்குவான். யாருடைய தயவும் தேவைப்படாத ஒருத்தியிடம் என்னதான் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. ஆகவே, அழுகிற பெண்களை வரையத் தெரிந்த ஓவியராகப் பாருங்கள்.

தங்கள் திருமதிக்கும், வண்ணம் தீட்டும் நண்பர்களுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
நொந்துபோன
சீமோர் கிராஸ்பர்க்

பி.கு.: ஓவியரைத் தேட வேண்டாம். குமிழியை நிரப்பிவிட்டேன்: “என் பக்கம் தோள் விட்டுப்போகுது. உன் பக்கம் எப்படி இருக்கு?” பக்கத்தைத் தபாலில் அனுப்பவில்லை, நானே பஃபலோவுக்கு எடுத்துப் போகிறேன். இதழ் தாமதமாகும். பதில் குமிழியை அவள்தான் எழுத வேண்டும்.