நாற்பது பொட்டலம் மீன்

"பட்டனை ஒரு தடவை அழுத்தினா ரெண்டு ஆர்டர் போகுது. சரி பண்ணுங்க," என்றான் ரீஸ், வெறுங்காலை நாற்காலி மேல் மடக்கிக்கொண்டு.

சியேனி கணினியை முறைத்தாள். ஆக்லாந்து துறைமுகத்தைப் பார்த்த இந்த மென்பொருள் அலுவலகத்தில் அவளுக்கு இது மூன்றாவது சுற்று நேர்காணல்; நடத்துபவன் ரீஸ். அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு வரவழைக்கும் இணையப் பக்கம்தான் பரீட்சை. எங்காவது எண்ணூறு மணி நேரம் பயிற்சி முடிக்காவிட்டால் அவளுக்குப் பட்டம் கிடையாது. அம்மாவோ விருந்துக்குத் தேவாலய மண்டபத்தையே பிடித்துவிட்டாள். வம்சத்திலேயே முதல் பட்டம்!

நிரலில் ஒரு வரியை நீக்கினாள். இப்போது எந்த ஆர்டரும் போகவில்லை.

"ஐயய்யோ," என்று ரீஸ் நோட்டில் எதையோ குறித்தான்.

"கடையிலேருந்து பதில் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்லவா?"

"சொல்லிப் பாருங்க. சும்மா சோதனைதானே."

சொன்னாள். பதிலே வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மீன் வறுவல் கடைக்காரர்தான் வந்தார், வியர்த்து வழிய.

"நாப்பது பொட்டலம் மீனும் சிப்ஸும். இங்க யாருக்குக் கல்யாணம்?"

"ஒரு பதில் அனுப்பக் கூடாதா?" என்றாள் சியேனி.

"ஏதும்மா நேரம்? உங்க மீனைத்தானே வறுத்துட்டிருந்தேன்!"

சியேனி திரும்பினாள். "சோதனைன்னீங்களே! இது நிஜமா ஓடுற பக்கமா?"

"கொஞ்சம்..."

"கொஞ்சம் நிஜமா? இதை எழுதினது யாரு?"

"போன வாரம் நேர்காணலுக்கு வந்த பொண்ணு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முந்தின வாரம் வந்த பையன்."

கடைவேலைக்கு மூன்று நாள் மட்டம் போட்டு, தினமும் இரண்டு பஸ் மாறி வந்தவளுக்கு ரத்தம் கொதித்தது.

"வேலை கேட்டு வர்றவங்ககிட்ட ஓசியில வேலை வாங்குறீங்களா? வெக்கமா இல்ல? எங்கம்மா ஆபீஸ் கழுவுறா. முதல்ல கழுவிக் காட்டு, சம்பளத்தை அப்புறம் பாக்கலாம்னு அவகிட்டகூட எவனும் சொன்னதில்ல!"

"கத்தாதீங்க, ப்ளீஸ். எனக்குப் பிரச்சினையாயிடும்."

"நல்லா ஆகட்டும்!"

விறுவிறுவென்று வரவேற்பு மேஜைக்குப் போய் ஓங்கித் தட்டினாள். அங்கிருந்த நிக்கோலா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த ரீஸ் மேல புகார் குடுக்கணும். இங்க சம்பளம் வாங்குற பெரிய ஆள் யாரையாவது கூப்பிடுங்க!"

நிக்கோலா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்படி ஒருத்தரைத்தான் நானும் மூணு மாசமா தேடறேன், தங்கச்சி. உன்னைக் கேள்வி கேக்கறது ரீஸுக்கு நேர்காணல்ல ஏழாவது சுற்று, இந்த மேஜையில உக்காந்திருக்கறது எனக்கு அஞ்சாவது."